கையா, எண்ணெயா? – சிசுவுக்கு எண்ணெய் தேய்ப்பது பற்றிச் சில எண்ணங்கள்

(வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை வட்டார அங்கத்தினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், நம்மில் மிகச் சின்னவர்களைப் பற்றியது. பிறந்த சிசுவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். "இதில் பேச என்ன இருக்கிறது? எங்காத்தில் நாலு தலைமுறையாகச் செய்துண்டுதானே வரோம்!" என்று முன்வரிசை மாமிகள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பேச வேண்டியிருக்கிறது. நம் பெண்களும் நாட்டுப்பெண்களும் இன்று பெங்களூரிலும் மும்பையிலும் நியூஜெர்ஸியிலும் பிரசவிக்கிறார்கள். அங்கே டாக்டர் ஒன்று சொல்கிறார். இங்கிருந்து போன பாட்டி வேறொன்று சொல்கிறாள். பெற்றவள் நடுவில் தவிக்கிறாள். கடைசியில் டாக்டர் ஜெயித்தால் எண்ணெய்க் கிண்ணமே அலமாரிக்குள் போய்விடுகிறது. பாட்டி ஜெயித்தால், மூக்கில் எண்ணெய் விடுவது வரை எல்லாம் நடக்கிறது. இரண்டிலும் நஷ்டப்படுவது குழந்தைதான்.

நான் டாக்டர் அல்ல. கல்லூரியில் ரசாயனம் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன். ஒரே ஃபைலில் நாலு விஷயம் கலந்து வந்தால், முதலில் தனித்தனியாகப் பிரித்து நோட் எழுது என்பதுதான் ஆபீஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்த வழக்கத்தையும் அப்படியே பிரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கை வேறு, எண்ணெய் வேறு, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்த மற்ற கைங்கரியங்கள் வேறு.

இதைப் பேசுவதற்கு இந்த வடகரப்பதிப் பக்கம் பொருத்தமான இடம். மேற்கே பாலக்காட்டு அகத்துக்குப் போனால், தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுக்கும் உருக்கு வெளிச்செண்ணெய்தான் குழந்தைக்கு உசிதம் என்பார்கள். எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனால், நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் இல்லாமல் குழந்தை எப்படித் தேறும் என்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களில் இது ஒரு சின்ன வழக்காகவே நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் நன்றாகத்தான் வளர்ந்தன. அப்படியென்றால் பலன் எதிலிருந்து வந்தது?

வழக்கம் பழையது என்பதில் சந்தேகமில்லை. கேரளத்து அஷ்டவைத்தியர்கள் பிரதானமாகப் போற்றிய அஷ்டாங்க ஹ்ருதயத்தில், பிரசவத்தில் களைத்த சிசுவுக்குப் பலா தைலம் விடும்படி சொல்லியிருக்கிறது. பலா என்பது நம் வேலியோரத்துக் குறுந்தொட்டி. வேடிக்கை என்னவென்றால், மேல்நாட்டார் இதை நம்மிடமிருந்து கற்றுக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுப் பிரசவ மருத்துவர் ஃப்ரெடெரிக் லெபோயே, கல்கத்தாவில் சாந்தலா என்ற ஏழைத் தாய் தெருவோரம் உட்கார்ந்து குழந்தைக்குத் தேய்த்துவிடுவதைப் பார்த்துப் படம் எடுத்து, 1976-ல் அவள் பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்காவின் விமலா மக்லூர் 1973-ல் இந்தியாவில் ஓர் அநாதை இல்லத்தில் வேலை செய்தபோது இதைக் கண்டு, ஊர் திரும்பிப் பெற்றோர்களுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார்.

ஆனால் பழையது என்பதாலோ, வெள்ளைக்காரர் மெச்சினார் என்பதாலோ ஒரு வழக்கம் சரியாகிவிடாது. அளந்து பார்க்க வேண்டும். அளந்து பார்த்திருக்கிறார்கள்.

1986-ல் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்டும் அவருடைய சகாக்களும் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த 40 குழந்தைகள். அவர்களில் 20 பேருக்கு, தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிஷம், பத்து நாள் உடம்பைத் தடவிக் கைகால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். எண்ணெய் கிடையாது. இன்குபேட்டரின் துவாரம் வழியாகக் கையை விட்டுச் செய்தார்கள். இரண்டு பிரிவும் குடித்த பாலில் வித்தியாசமில்லை. ஆனால் தடவிவிடப்பட்ட குழந்தைகளின் தினசரி எடை ஏற்றம் 47 சதவிகிதம் அதிகமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள்.

அதே பால், அதிக எடை. இது எப்படி? இதற்கு ஒரு விடை எலிக்குஞ்சுகளிடமிருந்து கிடைத்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க், தாயிடமிருந்து பிரித்த எலிக்குஞ்சுகளின் உடலில் வளர்ச்சிக்கான ஹார்மோனும் ஒரு முக்கியமான என்சைமும் குறைந்துபோவதைக் கண்டார். பால் கிடைக்காததால் வந்த குறை அல்ல அது. ஈரமான சின்னப் பிரஷ்ஷால், தாய் எலி நக்கிக்கொடுப்பதுபோல் குஞ்சின் முதுகில் அழுத்தித் தடவினால், குறைந்தது மீண்டும் ஏறியது. பிறகு மனிதக் குழந்தைகளிடம் செய்த சோதனைகளில், மிதமான அழுத்தத்துடன் தேய்க்கும்போது வேகஸ் என்ற நரம்பின் இயக்கம் கூடுவதும், வயிற்றின் அசைவு கூடுவதும் தெரியவந்தன. சாப்பிட்ட பால் நன்றாக ஜீரணமாகி உடம்பில் ஒட்டுவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். இன்னொன்றும் கண்டார்கள். இறகால் தடவுவதுபோல் மேலோட்டமாகத் தொட்டால் இந்தப் பலன் வருவதில்லை. குழந்தைக்கு அது கூச்சமாகத்தான் இருக்கிறது. "அழுத்தித் தேய், ஆனால் வலிக்காமல் தேய்" என்று நம் பாட்டிகள் சொன்னது நினைவுக்கு வருகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் அகர்வால் குழுவினர் 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நிறைமாதத்தில் பிறந்து ஆறு வாரம் ஆன 125 குழந்தைகளை ஐந்து பிரிவாக்கினார்கள். நாலு பிரிவுக்கு நாலு வித எண்ணெய், ஐந்தாவது பிரிவுக்கு மசாஜ் இல்லை. நாலு வாரம் நடந்தது. தேய்க்கப்பட்ட குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள், அதிலும் நல்லெண்ணெய்ப் பிரிவினர் முன்னணியில் நின்றார்கள். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவு வித்தியாசம், தொடை ரத்தக்குழாயில் கூடுதல் ஓட்டம். தேய்த்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நல்ல தூக்கமும் இருந்தது. கோயம்புத்தூர் சம்பந்தி இங்கே புன்னகைக்கலாம். ஆனால் 2005-ல் மும்பை சயன் ஆஸ்பத்திரியில் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. தினம் நாலு வேளை, 31 நாள் வரை. குறைமாதக் குழந்தைகளில் தேங்காயெண்ணெய்ப் பிரிவினரின் எடை மற்ற இரு பிரிவினரையும்விட வேகமாக ஏறியது. ஆகவே பாலக்காட்டுக்காரர்களும் புன்னகைக்கலாம். குழந்தைகளின் நரம்பு, நடத்தை சம்பந்தமான பரிசோதனையில் மட்டும் எந்தப் பிரிவுக்கும் வித்தியாசமில்லை. எண்ணெய் தேய்த்தால் மூளை வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இவற்றில் பல சின்ன ஆராய்ச்சிகள். ஒரு பிரிவில் 25 குழந்தைகள் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகளைச் சல்லடை போட்டுச் சலிக்கும் காக்ரேன் என்ற அமைப்பு, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் மசாஜ் பற்றிய 34 ஆராய்ச்சிகளை 2013-ல் சலித்தது. பலவற்றின் தரம் போதாது, ஆரோக்கியமாக உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்யும் அளவுக்கு ஆதாரமில்லை என்று முடிவு சொன்னது. இதற்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கொடுத்த பிரசவத்துக்குப் பிந்தைய வழிகாட்டுதலில் இரண்டு சிபாரிசுகள் இருக்கின்றன. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான சிசுவுக்கு மிருதுவாக முழு உடம்பும் தேய்த்துவிடலாம், வளர்ச்சிக்கு நன்மை இருக்கக்கூடும் என்பது ஒன்று. சரும வியாதிகளைத் தடுப்பதற்காக அதே சிசுவுக்கு வழக்கமாக எண்ணெயோ க்ரீமோ பூசுவது வேண்டாம் என்பது இன்னொன்று.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. நன்மையில் பெரும் பங்கு கையினுடையது. கை வழுக்கிக்கொண்டு போவதற்கும், மெல்லிய தோல் உராயாமல் இருப்பதற்கும் எண்ணெய் உதவுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணெயும் ஒவ்வொரு விதம்.

இங்கே என் பழைய ரசாயனம் கொஞ்சம் உதவுகிறது. நம் தோலின் மேலடுக்கு செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர்போல் இருக்கிறது. சாந்து என்பது கொழுப்பு. சிசுவின் சுவர் இன்னும் கட்டி முடியாதது. ஒலியிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய் அந்தச் சாந்தைக் குலைக்கக்கூடியது. ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி அதுதான். விலை உயர்ந்தது, வெளிநாட்டுச் சரக்கு என்பதற்காக ஆலிவ் எண்ணெய் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். மான்செஸ்டரில் 115 சிசுக்களிடம் செய்து 2016-ல் வெளியான சோதனையில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே அந்தக் கொழுப்படுக்கு ஒழுங்காக அமைவதைத் தாமதப்படுத்தின. வடநாட்டில் பழக்கமான கடுகெண்ணெய் எரிச்சல் தரக்கூடியது. சுண்டெலித் தோலில் செய்த சோதனையில் அது தோலின் தடுப்புச் சுவரைச் சேதப்படுத்தியது. நம் உருக்கு வெளிச்செண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சயன் ஆராய்ச்சியும் அதற்கு ஆதரவாக இருப்பதால், நம் பக்கத்தில் அதையே வைத்துக்கொள்ளலாம். வாசனை சேர்க்காமல், வீட்டில் புதிதாகக் காய்ச்சியதாக, மிதமாகப் போதும். கை வழுக்குகிற அளவுதான் கணக்கு, குழந்தை ஊறுகிற அளவல்ல.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை விஷயம் தனி. அங்கேதான் பலனும் அதிகம், ஆபத்தும் அதிகம். டாக்காவில் 33 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் சுத்தமான முறையில் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது ஆஸ்பத்திரித் தொற்றுகள் 41 சதவிகிதம் குறைந்ததாக 2005-ல் எழுதினார்கள். அது பயிற்சி பெற்ற நர்ஸின் கை, டாக்டரின் மேற்பார்வை. அதைப் படித்துவிட்டு வீட்டில் ஒன்றரைக் கிலோக் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால், உடம்புச் சூடு குறைந்து குழந்தை அபாயத்துக்குப் போய்விடும்.

எங்கள் உறவில் அப்படி ஒரு குழந்தை 33 வாரத்தில் பிறந்தது. எடை ஒரு கிலோ 600 கிராம். பாட்டி ஊரிலிருந்து உருக்கெண்ணெய் பாட்டிலோடு போய் இறங்கினாள். நர்ஸ் பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "பாட்டி, இப்ப எண்ணெய் வேண்டாம். உங்க நெஞ்சு வேணும்" என்றாள். பெற்றவள் களைத்திருந்த வேளைகளில், குழந்தையை வெறும் உடம்போடு பாட்டியின் மார்பில் வைத்துத் துணியால் கட்டிவிட்டாள். தகப்பன் ராத்திரி முறை பார்த்தான். பாட்டி ஊர் திரும்பி வந்து அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978-ல் தென்னமெரிக்காவின் பொகோடா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கியது. 2021-ல் வெளியான ஆராய்ச்சி, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்குக் குறைவான 3,211 குழந்தைகளிடம் நடந்தது. பிறந்தவுடனேயே இப்படி நெஞ்சோடு வைத்தால் முதல் மாத மரணம் நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று கண்டார்கள். இதுவும் ஸ்பரிசம்தான். சின்னக் குழந்தைக்கு முதல் மருந்து இது. எண்ணெய் பிறகு, டாக்டர் சொன்ன பிறகு.

அடுத்தது, வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. இவற்றை நாம் விட்டுவிட வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமிக்கூட வெளியே தள்ள முடியாது. அது அங்கேயே தங்கி நிமோனியா ஆகும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் நாம் நிறுத்தவில்லை. வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய் புகட்டுவதும் இதே வகைதான்.

பிறந்த குழந்தையின் மார்பு, ஆணானாலும் பெண்ணானாலும், தாயின் ஹார்மோனால் சில நாள் வீங்கியிருக்கும். தானே வற்றிவிடும். அதைப் பிழிந்தால் சீழ் கட்டி, கத்தி வைக்கும்படி ஆகும். தலையை அமுக்கி உருண்டையாக்குவது, மூக்கைப் பிடித்து எடுப்பாக்குவது இரண்டும் வீண். தலை தானே சரியாகும். மூக்கு, அப்பா அம்மா கொடுத்தது.

சளிக்கு எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போகும், சிசுவுக்கு வலிப்பு வரவழைக்கும். குளித்த பின் சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாய்க்கு ஆகாது. பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டியதில்லை. 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தொப்புள்கொடி விழுந்து, புண் ஆறிய பிறகு தொடங்குவது நல்லது. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஃபேனையும் ஏசியையும் நிறுத்த வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றி, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினால் போதும், அடுப்பில் வைக்க வேண்டாம். காலிலிருந்து ஆரம்பித்து, கை, மார்பு, முதுகு என்று மெதுவாகப் போகலாம். வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில் தடவ வேண்டும். உச்சிக்குழியில் அழுத்தம் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, விரலை விரித்து விறைத்தாலோ, அழுதாலோ அன்றைக்கு அவ்வளவுதான். அழ அழத் தேய்ப்பது யாருக்காக? ஜுரம் இருந்தாலும், தோலில் தடிப்போ கொப்புளமோ இருந்தாலும் வேண்டாம். எண்ணெய் பட்ட குழந்தை மீன்போல் நழுவும், ஆகவே துண்டில் சுற்றித்தான் தூக்க வேண்டும்.

யார் செய்வது என்பதும் முக்கியம். அந்தக் காலத்தில் நம் அகங்களில் சிசுவைக் காலில் போட்டுக்கொண்டு குளிப்பாட்டியது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த மருத்துவச்சிகள். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் அவர்கள் கையில் வளர்ந்தார்கள். அவர்கள் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை. இன்று நகரங்களில் கூலிக்கு ஆள் வருகிறாள், அரை மணியில் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் பெற்றவளுக்கும், பெற்றவனுக்கும் உரியது. ஆண்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க அப்பாவால் முடியாது, எண்ணெய் தேய்க்க முடியும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தால், வித்தை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. 2023-க்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 5. இந்திய சராசரி 25. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் இதே பாலக்காடு ஜில்லாவில், அட்டப்பாடியில், 2013-ல் ஆதிவாசிச் சிசுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அந்தத் தாய்மார்களுக்கு ரத்தசோகை, குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே எடைக்குறைவு. எந்த எண்ணெயும் அதற்குப் பரிகாரம் ஆகாது. கர்ப்பிணியின் சாப்பாடு, தாய்ப்பால், தடுப்பூசி, சமயத்தில் டாக்டர் இவை முதலில். தேய்ப்பது அவற்றுக்குப் பின்னால் வருகிறது. நம் வீட்டில் வேலை செய்யும் பெண் பிள்ளை உண்டாகியிருந்தால், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரிப்பதும் இதே விஷயத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே மாமிகளே, டாக்டர் "எண்ணெய் வேண்டாம்" என்றால் சண்டை போடாதீர்கள். "மூக்கில் விட மாட்டோம், பிழிய மாட்டோம், கற்பூரம் சேர்க்க மாட்டோம், மெதுவாகத் தேய்த்துவிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நிறைமாதக் குழந்தையானால் பெரும்பாலும் "தாராளமாக" என்பார். இளைய தலைமுறையினரே, பாட்டியை மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். அவளிடம் உள்ள நல்ல சரக்கு எண்ணெய்ப் பாட்டிலில் இல்லை, கையில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.